உப்பு தொடாத நாலு நாள்

திருவொற்றியூரில் ஷிப்டு முடிந்து பஸ் ஏறிய ரசாயன ஆலைக்காரர் இருவர் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். ஒருவர் இருமிக்கொண்டே இருந்தார். நான் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தேன்.

"நாலு நாளா உப்பு தொடல மாமு. அன்னிக்கு லீக்காயி என்னை சாய்ச்ச குளோரின் கேஸு உப்புலயே கீதாம். நம்ம ஆலை கெமிஸ்ட் ஐயா சொன்னாரு."

"அதான் நிக்கவே தெம்பில்ல ஒனக்கு. அவரு சொல்லிகினு இருக்கசொல்ல பாதியில எழுந்து பூட்ட நைனா. மீதிய நான் கேட்டேன். அந்த கேஸு தனியா இருந்தாதான் ஆள அடிக்கும். சோடியம்னு ஒண்ணு, தண்ணி பட்டாலே எரியும். அதோட அணுல எலக்ட்ரான் ஒண்ணு கூட கீது, குளோரினுக்கு ஒண்ணு கம்மி. அது குடுக்கும், இது வாங்கிக்கும். அப்புறம் ரெண்டும் இறுக்கமா புடிச்சிகினு சாதுவாயிடும். அதான் உப்பு."

"வவுத்துல போயி மறுபடி கேஸா ஆவாதா?"

"ஆவாது."

"நம்ம ஷெட்டுல மட்டும் எப்பிடி ஆவுது?"

"உப்புத் தண்ணியில கரண்ட வுட்டு நாமதான பிரிக்கிறோம்."

தண்டையார்பேட்டை வந்தபோது இருமியவர் நண்பரின் தூக்குச்சட்டியைத் தன் மடிக்கு இழுத்தார்.

"கருவாடு மீந்து கீதா?"

"ஒரு துண்டு கீது. நாளைக்கு வேலைக்கு வருவியா?"

"வராம இன்னா பண்றது," என்று சொல்லிவிட்டுக் கருவாட்டை மெதுவாக மென்றார்.