ஒண்ணே முக்கால் வலி

— சராசரி ஒண்ணே முக்கால்னு போட்டிருக்கீங்களே டாக்டர் காலின். ஒண்ணே முக்கால்னா வலிக்குதா, வலிக்கலையா?

— வலி இருந்தா ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு. ரெண்டுக்குப் பக்கத்துல வந்தா நல்லதுதானே நேவேனா? சும்மா நோண்டாதே. சீஸ் வச்ச பனிட்சா வாங்கிட்டு வந்திருக்கேன், சூடு ஆறதுக்குள்ள சாப்பிடு.

— அந்த ஒண்ணும் ரெண்டும் எண்ணே இல்ல, வெறும் பேரு. பஸ் நம்பர் மாதிரி. ஆறாம் நம்பரையும் எட்டாம் நம்பரையும் கூட்டி ரெண்டால வகுத்தா ஏழாம் நம்பர் பஸ் வந்து நிக்குமா?

— சரி தாயே. நாளைக்கு ஆஸ்பத்திரிக் கமிட்டி முன்னாடி நிக்கணும். அவங்க ஒத்துக்கிட்டா திங்கக்கிழமையிலேர்ந்து இங்க பல்லு பிடுங்கிக்கிற அத்தனை பேருக்கும் என் வலிமருந்துதான். பதினோரு வருஷ உழைப்பு. ஏதாவது ஒரு புள்ளியியல் சோதனையைப் போட்டுக் குடு.

— ஏதாவது ஒண்ணெல்லாம் போட முடியாது. இந்த மாதிரி விஷயத்துல ஆளை எண்ணலாம், அவ்வளவுதான். உங்க மருந்து, நாப்பது பேர்ல முப்பத்தொரு பேருக்கு வலியில்ல. பழைய மருந்து, நாப்பதுல பதினாலு. அட்டவணையில எந்தக் கட்டத்துலயும் ஆளு ரொம்பக் குறைவா இல்ல, கை-ஸ்கொயர் சோதனை போதும். இந்தாங்க. ரெண்டு மருந்தும் ஒரே மாதிரின்னா, இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர ஆயிரத்துல ஒரு வாய்ப்புகூட இல்ல.

— அடி சக்கை! இந்த நம்பிக்கையிலதான் காலையில எங்கம்மாவுக்கே நாலு பல்லு எடுத்து அதையே போட்டேன். ஆமா, நீ ஏன் ஒரு பக்கமாவே மெல்லுறே?

— பொறுங்க. வித்தியாசம் இருக்குன்னுதான் சோதனை சொல்லுது. எது நல்ல மருந்துன்னு அதுக்குத் தெரியாது. வலிக்குதான்னு கேட்டா, வாய் நிறையப் பஞ்சை வச்சுக்கிட்டு எப்படிப் பதில் சொன்னாங்க?

— தலையாட்டித்தான்.

— பார்த்து எழுதினது யாரு?

— ஜெர்மன் டாக்டர் எல்கே. எங்க ஆளுங்க எழுதினா எனக்குச் சாதகமா எழுதிட்டாங்கன்னு பேச்சு வரும். நடுநிலையா இருக்கட்டும்னு ஹாம்பர்க்லேர்ந்து வரவழைச்சேன்.

— ஹாம்பர்க்ல மேலும் கீழும் தலையாட்டினா என்ன அர்த்தம்?

— ஆமான்னு அர்த்தம்.

— நம்ம பல்கேரியாவுல, இந்த ப்ளோவ்திவ்ல?

— இல்லைன்னு.

— பக்கவாட்டுல ஆட்டினா?

— ஆமான்னு... நேவேனா, வேண்டாம்.

— மாத்திப் போட்டா உங்க மருந்துல முப்பத்தொரு பேருக்கு வலி. பழசுல பதினாலு பேருக்குத்தான். சோதனை விடை ஒரு புள்ளிகூட மாறல.

— அவங்க படிச்சவங்க, நம்ம வழக்கம் தெரியாமலா இருக்கும்? பேரெல்லாம் மறைச்சாச்சு, வெறும் நம்பர்தான் இருக்கு. இனிமே யாரைப் பிடிச்சுக் கேக்கறது?

— எழுபத்துநாலாம் நம்பரைக் கேக்கலாம். உங்க மருந்துதான். தாள்ல 'வலி இல்லை'ன்னு இருக்கு. என் சீட்டைப் பாருங்க, அதே நம்பர். போன வாரம் வலி தாங்காம சுவத்துல முட்டிக்கிட்டேன் டாக்டர்.

— நீயா? நான் பல்லு எடுத்திருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?

— நீங்க முகத்தையா பார்த்தீங்க?

— வாயைத் திற. இன்னும் கொஞ்சம். என் தையல்தான். இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

— ஒரு ஆளு சொன்னா அது புலம்பல். எண்பது பேரையும் பார்த்துட்டுத்தான் பேசணும். காலையில உங்கம்மாவை வலிக்குதான்னு கேட்டீங்களா?

— கேட்டேன். பக்கவாட்டுல ஆட்டிக்கிட்டே இருந்தாங்க. பல்லு போன வருத்தம்னு நெனச்சு, கன்னத்தைத் தட்டிக் குடுத்துட்டு வந்துட்டேன்.