பேட்டரி இல்லாத சோலார்

ஓசூரில் எங்கள் சேவை சங்கக் கூட்டத்தில் வீட்டுச் சோலார் பற்றி ஒரு பொறியாளர் பேசினார். முடிந்ததும் போண்டா வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் மூக்கண்டப்பள்ளியிலிருந்து வந்திருந்த கணவனும் மனைவியும்.

"ஏங்க, பேட்டரி வேணாங்க. கரெண்டு போனா போகட்டும்" என்றாள் அந்த அம்மாள்.

"லூசா நீ? அதுக்குத்தானே பேட்டரியே வெக்கறது!"

"கரெண்டு போனாத்தான் நீங்க மொட்டை மாடிக்குப் போறீங்க. பக்கத்து மாடிக்கு உங்க அண்ணனும் வர்றாரு."

"அவன் காத்துக்கு வர்றான்."

"காத்துக்கு வர்றவரு, 'டேய், பாகலூர் ஏரியில நண்டு புடிச்சமே, ஞாபகம் இருக்கா'ன்னு எதுக்குக் கேக்கறாரு? நீங்களும் இருட்டுல சிரிக்கறீங்க. லைட்டு வந்ததும் ரெண்டு பேரும் மொகத்தைத் திருப்பிக்கறீங்க. பாகம் பிரிச்சதுலேர்ந்து வேற எப்பங்க பேசியிருக்கீங்க?"

பொறியாளர் தட்டோடு எங்களைக் கடந்தபோது கணவர் அவரை நிறுத்தினார்.

"சார், பேட்டரி இல்லாம சோலார் போட்டா, கரெண்டு போறப்ப எரியுமா?"

"எரியாது சார். லைன்ல கரெண்டு இல்லேன்னா அதுவும் நின்னுடும்."

"அப்ப எங்க வீட்டுக்கு அதையே போடுங்க."

எனக்கும் அடுத்த வீட்டில், பேச்சுவார்த்தை நின்றுபோன ஓர் அண்ணன் இருந்தார். தெருவில் முதலில் இன்வெர்ட்டர் வாங்கியவன் நான். அதன்பிறகு கரெண்டு போன இரவுகளில் அவர் மட்டும் மாடியில் நடப்பது கேட்கும். நான் கீழே மின்விசிறிக் காற்றில் படுத்திருப்பேன்.