கோளாறு இஞ்சின்லதான்

...இல்ல மேஸ்திரி, இஞ்சின்லதான் கோளாறு. சந்தேகமே வாணாம். எம் பொண்டாட்டி பொன்னியம்மா வேற மாதிரி சொல்லுவா, காதுல வாங்காதீங்க. நாளெல்லாம் அடுப்பாண்ட குந்திக்கினு வெல்லம் காய்ச்சுறவளுக்கு இஞ்சினப் பத்தி இன்னா தெரியும்? நீங்க இஞ்சின் ரிப்பேருக்குன்னே வேலூர்லர்ந்து பஸ் ஏறி வந்துக்கிறீங்க. எங்க ஊரு குடிபாலா ஆந்திராவா மெட்ராசான்னு பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருசக்கணக்கா பேசிக்கினு கெடக்குறாங்க. அதுக்கு ஒரு முடிவு வர்றதுக்குள்ள இதுக்கு ஒரு முடிவு கட்டிட்டுப் போங்க!

எல்லாம் அந்த அக்ரிகல்ச்சர் ஆபீசரால வந்தது. ஜீப்புல வந்து எறங்கினாரு, என் கரும்பு ஆலையப் பாத்தாரு. "எத்துலு எந்துக்கு அப்பாவு, இஞ்சினு பெட்டு"ன்னு தெலுங்குல அடிச்சி விட்டாரு. மாட்டக் கட்டிக்கினு எதுக்கு அழுவுற, இஞ்சின வையின்னு. நானும் ரெண்டு எருதையும் வித்துட்டேன் மேஸ்திரி. அந்த மயிலைக்காளை போவும்போது திரும்பித் திரும்பிப் பாத்துச்சி... எனக்கு அன்னைக்கி சோறு எறங்கல. அத விடுங்க.

எருது சுத்தும்போது எப்டி இருந்துச்சி தெரியுமா? ஆடி அசைஞ்சி சுத்தும், நடுவுல நின்னு மூச்சு வாங்கும். ஆனா வெல்லம்? பொன்னாட்டம் இருக்கும்! சித்தூர் மண்டியில அப்பாவு வெல்லம்னா தொட்டுக்கூடப் பாக்க மாட்டாங்க, அப்டியே எடுத்துக்குவாங்க. இப்போ? கறுப்பா, பிசுபிசுன்னு... உருண்டை புடிச்சி வெச்சா காலையில அடையாட்டம் தட்டையாப் பூடுது. மண்டிக்காரரு மோந்து பாத்துட்டு, "இன்னா அப்பாவு, புளிக்கொழம்புக்குப் போடவா?"ன்றாரு. நாலு பேரு எதிர்ல! மானம் போச்சி மேஸ்திரி.

இஞ்சின் சூட்டுல சாறு கெட்டுப்பூடுது, அதான். வேற இன்னா? நீங்க அத ஒரு வார்த்த சொல்லிட்டா இஞ்சின் வித்த கடைக்காரரு மாத்திக் குடுத்துடுவாரு. இன்னிக்கே சொல்லணும். எதிர் வூட்டு கன்னியம்மா மவளுக்குக் கல்யாணம். வெல்லம் நான் ஆச்சின்னு வாக்குக் குட்த்துட்டேன். தோ, அவ கரும்பு வண்டி இப்ப வந்துடும். அதுவும் புளிச்சிப் போச்சின்னா ஊரு மொத்தமும் அந்த இன்னொரு ஆலைக்காரன் கங்கையா பின்னால பூடும். அவன் இன்னும் எருதுதான் ஓட்டிக்கினு இருக்கான், என்னப் பாத்து ஒரு சிரிப்பு சிரிக்கிறான் பாருங்க...

இன்னாது? எப்டி ஓட்றேனா? கரெக்டாத்தான் ஓட்றேன்! விடிய ஸ்டார்ட் பண்ணா, மத்தியானத்துக்குள்ள வெட்டின கரும்பு மொத்தமும் ஆடிடும். நிறுத்துறதா? நடுவுலயா? நல்லாக் கேட்டீங்க! பூட்டினா, வெட்டின கரும்பு தீர்ற வரைக்கும் அவுக்கக் கூடாது. எங்க வழக்கம் அது. எருதுக்கு ஒரு ஞாயம், இஞ்சினுக்கு ஒரு ஞாயமா? அதும் இல்லாம ஒவ்வொரு தபா ஸ்டார்ட் பண்ணவும் அந்த ஹேண்டிலச் சுத்திச் சுத்தி என் தோள்பட்ட கயண்டு பூடுது.

சாறு காய்ச்சுற கொப்பரையா? ஒன்னுதான். நைனா காலத்துக் கொப்பரை, நல்லா கெட்டியா இருக்குது. ஒரு தபா காய்ச்சி எறக்க எப்பவும் ஆவுற நேரந்தான் ஆவுது... மீதிச் சாறா? தோ தொட்டியில இருக்குது, அண்டாவுல இருக்குது, பக்கத்து வூட்டுக் கொடத்துல இருக்குது. நேத்தியதும் இருக்குது. மூடித்தான் வெச்சிருக்கேன். எப்டி நொரைச்சிக்கினு பொங்குது பாருங்க, இம்மாம் உசுரு எருது ஆலைச் சாறுல ஏது! கோழிங்க குட்சிட்டுத் தள்ளாடுதுங்க. முந்தாநேத்து கான்ஸ்டேபிள் ஒருத்தர் மோந்துக்கினே வந்துட்டாரு, "அப்பாவு, வெல்லந்தான் காய்ச்சுறியா, வேற ஏதாச்சும் காய்ச்சுறியா?"ன்னு. மதுவிலக்காச்சே! நானு சாமி மேல சத்தியம் பண்ணி அனுப்பினேன்.

இவ சொல்றா, "ரெண்டு கொப்பரை வாங்கு, இல்லன்னா நிறுத்தி நிறுத்தி ஓட்டு"ன்னு. "ஏண்டி, வேகமா ஆடத்தானே இஞ்சின் வாங்கினேன், மெள்ள ஆடறதுக்கு எருது போதாதா?"ன்னேன். அப்டியே அடுப்பாண்ட பூட்டா. நல்லாக் கேட்டேன்ல?

...இன்னா மேஸ்திரி, இஞ்சின் அந்தாண்ட இருக்குது, நீங்க இன்னாத்துக்கு கொப்பரையப் பாத்துக்கினே நிக்கிறீங்க? ஸ்பானரு கூட எடுக்கல... பஸ்ஸா? பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்குதே! மோராச்சும் குட்சிட்டு... மேஸ்திரி! மேஸ்திரீ!

பூட்டாரு.

இன்னாடி சிரிப்பு? சிரிக்காத, சொல்ட்டேன்... தோ, மணிச் சத்தம். கன்னியம்மா வண்டிதான். இந்தா பொன்னி... இங்க வா. ஓடிப்போயி, ஒரு கொப்பரைக்கு ஆவுற மட்டும் கரும்ப எறக்கச் சொல்லு. மீதி வண்டியிலயே இருக்கட்டும், நீ சொல்லும்போது எறக்கலாம். அந்தத் தொட்டியக் கவுத்து ஊத்திடு.

ஏன்னு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லாத. நீ சொன்னேன்னும் சொல்லாத. வேலூர் மேஸ்திரி வந்து பாத்தாரு, இஞ்சினுக்கு ஒடம்பு சரியில்ல, நிறுத்தி நிறுத்தி ஓட்டச் சொல்லிட்டாருன்னு சொல்லு.