நீலப் பொட்டு வைத்த இறக்கையைக் கோடரியால் வெட்டியது தொடர்பாக

என் பெயர் ஹெக்டர் மெக்ஃபேல். வயது எழுபத்தொன்று. தகப்பனார் பெயர் ஆங்கஸ் மெக்ஃபேல், காலமாகிவிட்டார். கனடாவின் மேற்குக் கரையில் உள்ள நனைமோ நகரில் படகுத்துறைக்குப் பின்னால் உள்ள தெருவில் சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன். விமானப் பராமரிப்புப் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பராமரிப்புப் பொறியாளர் உரிமம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஸ்டோல்பர்க் மரத்தூக்கு நிறுவனத்தின் ஹெலிகாப்டர் இறக்கை ஒன்றைக் கோடரியால் வெட்டிச் சேதப்படுத்தினேன் என்பது என்மேல் உள்ள புகார் என்று எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. நான் சொல்வது எனக்கே எதிராகப் பயன்படலாம் என்றும், வழக்கறிஞரைக் கேட்டுக்கொண்டு பேசலாம் என்றும் கான்ஸ்டபிள் லாவல்லே சொன்னார். தாராளமாகப் பயன்படட்டும் என்றும், ஒன்றையும் விடாமல் எழுதிக்கொண்டால் போதும் என்றும் நான் சொன்னேன்.

மேற்படி நிறுவனத்தின் முகாம் ஹார்லன் கடற்கழியின் தலைமாட்டில் இருக்கிறது. சாலை கிடையாது. படகிலோ ஹெலிகாப்டரிலோதான் போய்வர முடியும். மலைச்சரிவில் வெட்டிப் போட்ட சிடார் மரங்களைக் கம்பி வடத்தில் கட்டித் தூக்கி வந்து கழியில் போடுவது அவர்கள் தொழில். அவர்களுடைய பொறியாளர் இந்த இலையுதிர்காலத்தில் வேலையை விட்டுப் போய்விட்டதால், நிறுவன உரிமையாளர் கெர்மிட் ஸ்டோல்பர்க் என்னைத் தொலைபேசியில் அழைத்து, பனி விழும் வரைக்கும் வந்து இருக்கும்படி கேட்டார். நான் ஒப்புக்கொண்டு போனேன். பழைய பொறியாளர் ஏன் போனார் என்று நான் கேட்கவில்லை. போய்ச் சேர்ந்த அன்றே அது தெரிந்துவிட்டது.

முகாமில் தர ஆய்வாளர் என்ற பதவியில் இருப்பவர் டீன் ஓஸ்லர். இவர் ஸ்டோல்பர்க்கின் மகளை மணந்தவர். என் வகுப்பில் படித்தவரும்கூட. தேர்வில் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதும்போது, பக்கத்து மேசைக்காரரின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போனவர் என்பதால் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இறக்கைகளைச் சோதிப்பவர் ஓஸ்லர். அவர் சோதித்தது சரியா என்று சோதிப்பவரும் ஓஸ்லர். அதில் யாருக்காவது குறை இருந்தால் ஸ்டோல்பர்க்கிடம் முறையிடலாம். மாணவனே கேள்வித்தாள் தயாரித்து, மாணவனே எழுதி, மாணவனே திருத்தி, மாணவனின் மாமனாரே தலைமையாசிரியராகவும் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடம் ஒன்றை நீங்கள் மனதில் நினைத்துக்கொண்டால் போதும் என்று கான்ஸ்டபிளிடம் சொன்னேன்.

இறக்கை என்று நான் சொல்வது ஹெலிகாப்டரின் தலைக்கு மேல் சுற்றும் பிளேடுகளில் ஒன்று. இந்த ஹெலிகாப்டருக்கு ஐந்து இறக்கைகள். ஒன்றையொன்று அடையாளம் தெரிய ஒவ்வொன்றும் நடுத்தண்டோடு சேரும் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு நிறத்தில் பொட்டு வைத்திருக்கும். இறக்கையின் முதுகெலும்பு உள்ளே கூடான ஓர் அலுமினியக் குழாய். அதில் வாயுவை அடைத்து மூடியிருப்பார்கள். குழாயில் விரிசல் விழுந்தால் வாயு கசியும். கசிந்தால் அடிப்பக்கத்தில் உள்ள அழுத்தம் காட்டும் சின்னக் கண்ணாடிப் பெட்டி மஞ்சளிலிருந்து சிவப்புக்கு மாறும். சிவப்பைக் கண்டால் பறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டிக்கொடுப்பதற்கு அதைவிட எளிய ஏற்பாட்டை மனிதர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. குழந்தைக்கும் புரியும். ஓஸ்லருக்குப் புரியவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். புரிந்துகொள்வது அவருடைய வேலைக்கு இடைஞ்சலாக இருந்தது.

சென்ற சனிக்கிழமை காலையில் நான் இறக்கைகளின் உறைகளைக் கழற்றிப் பார்த்தபோது, நீலப் பொட்டு வைத்த இறக்கையின் பெட்டி மட்டும் சிவப்பாக இருந்தது. மற்ற நான்கும் மஞ்சள். அதன் பிறகு நான் ஓஸ்லரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் காப்பிக் குவளையோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"குளிரு வாத்தியாரே. இந்தக் கரைல காலைல எல்லாப் பிளேடும் சிவப்பாத்தான் முழிக்கும்."

"மத்த நாலும் மஞ்சளா முழிச்சிருக்கே, அதுங்களுக்குக் குளிரலியா?"

"அதுங்களுக்குத் தோல் தடிப்பு."

அதன் பிறகு அவர் சூடேற்றும் இயந்திரத்தை இழுத்து வரச் செய்தார். குளிரில் என்ஜினைச் சூடாக்குவதற்காக எல்லா முகாமிலும் இருக்கும் சாதனம் அது. யானைத் துதிக்கை மாதிரி தடித்த துணிக்குழாய் வழியாக வெப்பக் காற்றை ஊதும். அந்தக் குழாயை என்ஜினுக்குக் கொடுக்காமல் நீல இறக்கையின் வயிற்றில் கட்டிவிட்டார். சூடு ஏறினால் உள்ளே மிஞ்சியிருக்கும் வாயு விரியும், பெட்டியும் மஞ்சளாகும். இதுதான் அந்த முகாமின் பாதுகாப்புச் சோதனை. வெகு காலமாக இப்படித்தான் செய்வதாகவும், இதுவரை யாரும் சாகவில்லை என்றும் ஓஸ்லர் சொன்னார். அப்போது ஸ்டோல்பர்க் அங்கே வந்தார். அவருக்குத் தலையில் முடி கிடையாது. குளிர்க் குல்லாயைக் கழற்றிவிட்டு, "அப்படியே என் மண்டைக்கும் கொஞ்சம் காட்டுடா டீன், ஏதாவது முளைக்குதா பாப்போம்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெட்டி மஞ்சளானது. ஓஸ்லர் கையெழுத்துப் போட்டார்.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நடுங்கினால் ஜன்னல் திறந்திருக்கிறது என்று பொருள், மூடிவிட்டுப் பாடம் நடத்தலாம், ஒரே ஒரு பிள்ளை மட்டும் நடுங்கினால் அதற்குக் காய்ச்சல், போர்வையைப் போர்த்திவிட்டுத் தேர்வு எழுதச் சொல்லக் கூடாது என்று நான் இருவருக்கும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். ஸ்டோல்பர்க் என்னைப் பார்த்து, "கத நல்லாருக்கு. பேரப் பசங்களுக்குச் சொல்லும்" என்றார்.

அன்று ஹெலிகாப்டர் கிளம்புவதற்குள் மலையில் மூடுபனி இறங்கியதால் பறக்கவில்லை. அது முகாமின் அதிர்ஷ்டம். நிர்வாகத்தின் சாமர்த்தியம் இல்லை. அதன் பிறகு இறக்கை ஆறியதும் நான் போய்ப் பார்த்தேன். நீலம் மறுபடியும் சிவப்பு. சமையல் கூடத்தில் பாத்திரம் கழுவும் சோப்பை வாங்கித் தண்ணீரில் கலக்கி, ஏணி போட்டு ஏறி, இறக்கையின் கீழ்ப்புறம் முழுவதும் தூரிகையால் தடவினேன். சைக்கிள் டியூபில் ஓட்டை பார்ப்பவர்கள் செய்வதுதான். அடியிலிருந்து ஒரு கை நீளத் தூரத்தில், பசை போட்டு ஒட்டிய இணைப்பை ஒட்டி, பொடிக் குமிழிகள் கோடாக எழும்பின. துடைத்துவிட்டு மறுபடி தடவினேன். அதே இடத்தில் எழும்பின. அதன் பிறகு ஓஸ்லரை ஏணியில் ஏற்றிக் காட்டினேன். அவர் சட்டைக் கையால் அதைத் துடைத்தார்.

"சோப்புத் தண்ணி நுரைக்காம வேற என்ன பண்ணும் வாத்தியாரே?"

"பக்கத்துப் பிளேடுலயும் தடவிட்டேன் டீன். அதுல நுரைக்கலியே."

"மாமாகிட்ட சொல்லிக்கோங்க. நான் சோதிச்சாச்சு."

மாமாவிடம் சொன்னேன். ஸ்டோல்பர்க் அப்போது தன் அறையில் கால்களை நாற்காலி மேல் போட்டுக்கொண்டு வெண்ணெய்ப் பணியாரம் தின்றுகொண்டிருந்தார். நான் அந்த ஹெலிகாப்டருக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

"உம்ம கையெழுத்தை எவன்யா கேட்டான்? டீன் போட்டாச்சு. திங்கக்கிழமை சப்ளை படகு வருது, அதுல ஏறிக் கிளம்பும். நாளைக்கு வானம் தெளியுது, கார்லா தூக்குவா."

கார்லா ஹீபர்ட் என்பவர் அங்கே விமானி. என்னிடம் படித்தவர் இல்லை. ஆனால் தினமும் பறப்பதற்கு முன் ஹெலிகாப்டரைச் சுற்றி வந்து எல்லாவற்றையும் தொட்டுப் பார்ப்பார். தொட்டுப் பார்க்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவரைச் சாப்பாட்டு அறையில் பார்த்து நடந்ததைச் சொன்னேன். அவர் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு பேசினார்.

"பெட்டி மஞ்சளா இருந்து, ஆய்வாளர் கையெழுத்தும் இருந்தா, மாட்டேன்னு சொல்றதுக்கு என் கைல என்ன இருக்கு வாத்தியாரே? போன வருஷம் வசந்தத்துல ஒரு வாட்டி மாட்டேன்னு சொன்னேன். அப்புறம் ஆறு மாசம் இந்தக் கரைல ஒருத்தனும் எனக்கு வேலை குடுக்கல. வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்கு."

"நுரை வந்துச்சும்மா. ரெண்டு தடவை பாத்தேன்."

"உங்களை நம்புறேன். காலைல ஏறத்தான் போறேன்."

இவரைப் போன்றவர்களை வைத்துத்தான் ஓஸ்லர்கள் பிழைக்கிறார்கள். அதன் பிறகு நான் முகாமின் செயற்கைக்கோள் தொலைபேசியில் விமானப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் பேசினேன். சனிக்கிழமை ஆதலால் பதிவு இயந்திரம் பேசியது. விவரத்தைச் சொல்லி வைத்தேன். திங்கட்கிழமை யாராவது கேட்டிருப்பார்கள். ஆனால் கார்லா ஞாயிற்றுக்கிழமை பறக்க இருந்தார்.

ஞாயிறு காலை, எல்லோரும் பான்கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில், இறக்கையைச் சூடேற்றத் தொடங்குவதற்கு முன்பு, நான் விறகுக் குவியலில் இருந்த கோடரியை எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு அறைக் கதவைத் திறந்து, நான் ஒரு காரியம் செய்யப் போகிறேன், மறைவாகச் செய்தேன் என்று பிறகு யாரும் சொல்ல வேண்டாம், வந்து பாருங்கள் என்று சொன்னேன். முதலில் ஏணியை இறக்கையின் அடிப்பக்கம் சாத்தி, குமிழி எழும்பிய இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டேன். அதன் பிறகு ஏணியை மறு கோடிக்குத் தூக்கிக்கொண்டு போய், இறக்கையின் நுனியில் மட்டும் கோடரியால் வெட்டினேன். வட்டத்துக்கும் வெட்டுக்கும் நடுவே ஒரு பேருந்தை நிறுத்தலாம். என் கோடரியால்தான் அங்கே விரிசல் விழுந்தது என்று பின்னால் ஒரு புத்திசாலி சொல்லக் கூடும், அந்தப் புத்திசாலி யார் என்றும் எனக்குத் தெரிந்திருந்தபடியால் இப்படிச் செய்தேன். அலுமினியம் மடங்கும் வரை வெட்டினேன். பிறகு கீழே இறங்கிக் கோடரியை அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

ஓஸ்லர் பன்றி இறைச்சித் துண்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். "மாமா, கிழவனுக்குப் பித்துப் பிடிச்சிருச்சு" என்று கத்தினார். ஸ்டோல்பர்க் வெளியே ஓடி வந்து, கூடியிருந்தவர்கள் முன்னால் என்னைப் பலவாறு திட்டினார். அந்தச் சொற்களையும் எழுதிக்கொள்ளவா என்று கான்ஸ்டபிள் இப்போது கேட்டார். தேவையில்லை, அதில் புதிதாக ஒன்றும் இல்லை என்றேன். அதன் பிறகு ஸ்டோல்பர்க் தானே காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் புகார் கொடுத்தார். அவர் கொடுத்திருக்காவிட்டால் நானே கொடுத்திருப்பேன்.

அன்று பிற்பகலில் கான்ஸ்டபிள் லாவல்லே காவல் படகில் வந்தார். எந்தக் குறையும் இல்லாத, முழுத் தகுதியுள்ள இறக்கையை நான் நாசமாக்கிவிட்டதாக ஸ்டோல்பர்க் எழுதிக் கொடுத்துக் கையெழுத்திட்டார். அதற்குக் கீழே ஓஸ்லரும் கையெழுத்திட்டார். இந்த முறையாவது தன் பெயரைச் சரியாக எழுதினாரா என்று நான் பார்க்கவில்லை. அதன் பிறகு இறக்கையைக் கழற்றி, தார்ப்பாய் சுற்றி, முத்திரை வைத்து, சான்றுப் பொருளாகப் படகின் மேல் நீளவாக்கில் கட்டினார்கள். கட்டும்போது நுனிப் பக்கத்தைத் தாங்கிப் பிடித்தவர் கார்லா. அதே படகில் என்னையும் நிலையத்துக்குக் கொண்டு வந்தார்கள்.

இன்று காலை கான்ஸ்டபிள் என்னிடம் ஒரு செய்தி சொன்னார். ஸ்டோல்பர்க் படகில் வந்து நிலைய வாசலில் உட்கார்ந்திருப்பதாகவும், முதியவர் மேல் இரக்கப்பட்டுப் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், இறக்கையை மட்டும் கொடுத்துவிட்டால் போதும் என்று கேட்பதாகவும் சொன்னார். நான் வீட்டுக்குப் போகலாம் என்றும் சொன்னார்.

எனக்கு வீட்டுக்குப் போக விருப்பம் இல்லை. அந்த இறக்கையின் நுனி மாற்றக்கூடியது. பழுதான நுனியை அறுத்துவிட்டு வேறு நுனி பொருத்தினால், அதே முதுகெலும்பு, அதே விரிசலோடு, மறுபடி கார்லாவின் தலைக்கு மேல் சுற்றும். சூடேற்றும் இயந்திரம் முகாமில் தயாராக இருக்கிறது. ஸ்டோல்பர்க்குக்கு என்மேல் வந்த இரக்கம் அந்த நுனி அளவு நீளம்தான்.

குற்றத்தை ஒப்புக்கொண்டால் வழக்கு சீக்கிரம் முடியும் என்று கான்ஸ்டபிள் சொன்னார். வழக்கு முடிந்தால் பொருள் உடையவருக்குத் திரும்பிப் போகும் என்பதால் அதற்கும் நான் சம்மதிக்கவில்லை. வெட்டியது நான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நல்ல பொருளைச் சேதப்படுத்தினேன் என்பதை முற்றிலும் மறுக்கிறேன். அது நல்ல பொருள்தானா என்பதை நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டும். அதற்கு, நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஓர் ஆய்வுக்கூடத்தில் சுண்ணக்கட்டி வட்டம் போட்ட இடத்தில் இறக்கையை அறுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே விரிசல் இல்லை என்று அவர்கள் சொன்னால், நனைமோ வீட்டை விற்று முழு விலையையும் கொடுத்துவிட்டு, விதிக்கிற தண்டனையையும் அனுபவிக்கிறேன். அதுவரை என்மேல் உள்ள வழக்கைக் கைவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதில் உள்ளவை நான் கண்டதும் செய்ததுமே. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்ல வைக்கவில்லை. எழுதியதை எனக்கு முழுவதும் வாசித்துக் காட்டினார்கள். பிழையில்லை என்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஹெக்டர் மெக்ஃபேல்

என் முன்னிலையில் சொல்லப்பட்டு என்னால் பதிவு செய்யப்பட்டது. மேற்படி நபர் இறக்கையின் நிலை குறித்துத் தகராறு எழுப்பியிருப்பதால், சான்றுப் பொருளை வெளி ஆய்வுக்கு அனுப்ப அனுமதி கேட்டு மேலிடத்துக்கு எழுதப்பட்டது. அதைத் திருப்பித் தரும்படி கேட்டு வாசலில் காத்திருந்த புகார்தாரரிடம், இப்போதைக்கு இயலாது என்று தெரிவிக்கப்பட்டது. காரணம் கேட்டார். அது அவருடைய புகாரிலேயே, ‘எந்தக் குறையும் இல்லாத’ என்று எழுதியுள்ள இடத்தில், இருக்கிறது என்று சொல்லப்பட்டது.

(ஒப்பம்) கான்ஸ்டபிள் எம். லாவல்லே