விழுந்தெழுந்த தலைக்கவசம்

புதிய தலைக்கவசம் கன்னங்களைச் சற்று இறுக்கிப் பிடிக்கத்தான் வேண்டும். கடையில் சுகமாக இருப்பது இரண்டே மாதத்தில் தளர்ந்து ஆட்டம் காணும். இதைச் சொன்னால் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் முகம் சுளிப்பார்கள்; பதினான்கு ஆண்டுகளாக அந்தச் சுளிப்பைப் பார்த்துவருகிறேன். கேட்டதற்கு விடை சொல்லாமல் தொழிலைப் பற்றி அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், ஐயா. தொழில் புரியாவிட்டால் நான் செய்ததும் புரியாது.

தார்ச்சாலையிலும் ஓடி, சரளையிலும் சேற்றிலும் இறங்கும் உயரமான மோட்டார் சைக்கிள்கள் உண்டல்லவா, அவற்றை ஓட்டுகிறவர்களுக்கான உடுப்புகளை விற்கும் கடை எங்களுடையது. நான் அங்கே அளவு பார்ப்பவன். நிற்கும்போது முழங்கையில் கச்சிதமாக இருக்கும் காப்புத் தட்டு, வண்டியில் அமர்ந்து கையை நீட்டியதும் நழுவிவிடும். ஆகவே கடைக்குள் ஒரு பழைய வண்டியை நிறுத்தி, அதன்மேல் உட்காரவைத்துத்தான் அளவு பார்ப்பேன். வண்டிக்கு ஆறு விளக்குக் கூடுதலாக மாட்டிவிட்டு, முழங்கால் கவசத்துக்கு மூக்கால் அழுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

எங்கள் தொழிலில் மீறக் கூடாத விதி ஒன்று உண்டு. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் செத்தது. ஓட்டுக்குள் தெர்மாகோல் போன்ற வெள்ளை நுரை இருக்கிறது. அது தான் நசுங்கி மண்டையைக் காக்கிறது. நசுங்கிய நுரை மறுபடி எழாது. வெளியே ஓடு கண்ணாடிபோல மின்னிக்கொண்டிருக்கும். உள்துணியைக் கழற்றிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பவனுக்குத்தான் உண்மை தெரியும். அப்படிச் செத்தவை கடைக்கு வந்தால், வேறு யாரும் எடுத்து அணிந்துவிடாதபடி ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் போடுவேன்.

என் அக்காவின் கணவருக்கு இந்த விதி தெரியாது என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசையில் நானே பத்துத் தடவை சொல்லியிருக்கிறேன். அவர் தலைமையில் ஒரு பயணக்குழு. அதில் அவருக்குப் பட்டப்பெயர் கேப்டன். அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் விழுந்தபோது அவரைக் காப்பாற்றிய தலைக்கவசத்தை, புதிதாகச் சேர்ந்தவனின் முதல் நெடும்பயணத்துக்கு அவர் தம் கையாலேயே கொடுப்பார். உயிரைக் காத்தது ராசியானதாம். படித்தவர்கள், ஐயா. வண்டியின் எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பேசத் தெரிந்தவர்கள்.

சென்ற ஆண்டு அந்த மரியாதை என் தம்பிக்குக் கிடைத்தது.

சரளை வளைவொன்றில் அவன் விழுந்தான். வேகம் அதிகமில்லை என்று கூடப் போனவர்கள் எல்லோரும் சொன்னார்கள். உயிருள்ள தலைக்கவசமாக இருந்திருந்தால் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்திருப்பான். இப்போது அவன் என்னைச் ‘சார்’ என்று அழைக்கிறான். கரண்டியைக் கையில் கொடுத்தால், அதன் பெயர் நினைவுக்கு வராமல் அழுகிறான். அவனுக்கு வயது இருபத்தாறு.

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் அத்தான் என் தோளில் கைபோட்டார்.

“எல்லாம் விதி மாப்ளே. ஹெல்மெட்டக் குறை சொல்லாத. அதப் போட்டுக்கிட்டுத்தான் நான் பாறையில மோதி எழுந்து வந்தேன். இப்பவும் பாரு, ஒரு கீறல் கிடையாது.”

சிலருக்குக் கோபம் வந்தால் குரல் உயரும், எனக்குத் தணியும். அன்று தணிந்த குரல் இன்னும் ஏறவில்லை. அதைக் கேட்டுத்தான் நீங்கள் என்னை நிதானமானவன் என்று நினைக்கிறீர்கள்.

ஏழு மாதங்கள் கழித்து அவர் கடைக்கு வந்தார். வண்டியின் பெட்ரோல் டேங்கில் தம்பியின் சிரித்த முகம் ஒட்டப்பட்டிருந்தது. அதன் கீழே ‘உனக்காக ஒரு பயணம்’ என்று எழுதியிருந்தது. உனக்காக. தன் பெயர்கூட நினைவில்லாதவனின் முகத்தை ஒட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேர் மலையேறப் போகிறார்கள்.

“தலையிலேர்ந்து கால்வரைக்கும் நீயே பாத்துக் குடு மாப்ளே. உன் தம்பி பேர்ல போற பயணம். கேப்டன் கொஞ்சம் கெத்தா தெரிய வேணாமா?” என்றார்.

“நிதானமாப் பாப்போம் அத்தான்” என்றேன்.

மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். பழைய வண்டியில் உட்காரவைத்து நான்கு ஜாக்கெட்டுகளைப் போட்டுக் கழற்றினேன். முதுகில் வெறும் பஞ்சுத் தகடு இருந்ததை உருவிவிட்டு, கடையிலேயே தடிமனான தட்டைச் செருகினேன். பூட்ஸுக்கு மண்டியிட்டு நானே கொக்கி மாட்டினேன். அந்தக் கடையில் அவ்வளவு அக்கறையோடு எவருக்கும் நான் பார்த்ததில்லை. இதை யாரும் மறுக்க முடியாது.

தலைக்கவசத்தைக் கடைசியாக எடுத்தேன். எந்த மாதிரி, என்ன நிறம் அவருக்கு வேண்டும் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். அதே மாதிரியில், அதே நிறத்தில் செத்த ஒன்று கடைக்கு வந்துசேர நான்கு வாரம் காத்திருந்தேன். அதை அறுக்கவில்லை. புதிய உள்துணி தைத்துப் பொருத்தி, முகக்கண்ணாடியை மாற்றி, புதுப் பெட்டியில் வைத்திருந்தேன்.

“கன்னத்தப் பிடிக்குதே” என்றார்.

“பிடிக்கணும் அத்தான்.”

பயணத்தின் ஐந்தாம் நாள் ஓர் இறக்கத்தில் விழுந்தார். முழங்கால்கள், முதுகு, கணுக்கால் ஒன்றுக்கும் சேதமில்லை. பிரேதத்தைப் பரிசோதித்த மருத்துவர், இந்த உடுப்பைத் தேர்ந்தெடுத்தவர் கெட்டிக்காரர் என்றாராம். அக்கா அழுதுகொண்டே அதை என்னிடம் சொன்னபோது, அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எழுதிக்கொள்ளுங்கள்: அவர் சாக வேண்டும் என்றே கொடுத்தேன். அவர் என் தம்பிக்குக் கொடுத்ததையே அவருக்குக் கொடுத்தேன். நியாயத்தில் குன்றிமணி அளவு பிசகில்லை.

தம்பியின் கைப்பேசியிலிருந்து நீங்கள் எடுத்துவைத்திருக்கும் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். ஆம், இது எங்கள் கடைதான். அவன் தாடைக்குக் கீழே தலைக்கவச வாரைக் கட்டிக்கொண்டிருப்பவை என் கைகள்தாம். தன் முதல் பயணத்துக்கு முந்தைய நாள் மதியம் அவன் வந்தான். “அண்ணே, அத்தான் குடுத்தாரு. நீ ஒரு தடவ பாத்து சரின்னு சொன்னா போட்டுக்கிறேன்” என்றான். நான் வேறொருவருக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். உள்துணியைக் கழற்ற இரண்டு நிமிடமாவது ஆகும். வெளி ஓட்டை மட்டும் திருப்பிப் பார்த்தேன், பளபளவென்றிருந்தது. தலையில் வைத்து அசைத்துப் பார்த்து, வாரை இழுத்துக் கட்டி, கச்சிதமாக இருக்கிறது, போய்வா என்றேன். குழுவின் வழக்கம் எனக்குத் தெரியும்தான்.

வேண்டுமானால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கொடுத்தவர் அவர், ஐயா. நான் அளவு மட்டும்தான் பார்த்தேன்.