பைக்குக்கும் சுக்கான்

நான் வந்த திருச்செந்தூர் பஸ் லாரி நெரிசலில் சிக்கி, உப்பளத்தை ஒட்டி நின்றுவிட்டது. வெளியே ஒரு பெண், பாறையேறும் போட்டிக்கென்றே செய்த, சீட்டே இல்லாத பைக்கில் நின்றபடி கருங்கற்கள்மேல் ஏறப் பழகிக்கொண்டிருந்தாள். எனக்கு முன் சீட்டில் ஒரு வயதான தம்பதி.

“ஏளா, அங்கன பாரு. கிளச்சைப் பாதி விட்டுக்கிட்டு எப்படி நிக்கா!”

“உங்களுக்கு அவ எவ்வளவோ தேவல. நீங்க பைக்குக்கே சுக்கான் பிடிச்ச ஆளுல்லா.”

“சின்னதுலேர்ந்து கடல்ல வள்ளம் ஓட்டுன கை. வலப்பக்கம் திரும்பணும்னா சுக்கான் கட்டைய இடப்பக்கம் தள்ளணும். ஹேண்டிலையும் அப்படித்தான் தள்ளிட்டேன்.”

“கல்யாணமான புதுசு. பட்டுச்சேலையோட உப்புப் பாத்திக்குள்ள கெடந்தேன்.”

“மறுநாளும் விழுந்தோமே. பெறவும் எதுக்குளா பின்னால ஏறுன?”

அந்தப் பெண் ஒரு கல்லின் உச்சிக்கு ஏறிவிட்டாள். பஸ் மெல்ல நகர்ந்தது.

“உங்க வள்ளத்துலதான் பொம்பளைய ஏத்த மாட்டீங்களே. உங்ககூட எங்கயாவது போகணும்னா எனக்கு அந்தப் பைக்குதானே இருந்துச்சு.”