ருசி பார்த்தவர்

புட்டிங்கில் ஓட்டை ஓட்டையாக விழுந்தால் அதற்கு அவசரம்தான் காரணம். அடுப்பைக் கூட்டி வைத்து ஆவியில் வேகவிட்டால் உள்ளே பால் கொதித்துவிடும். ஆறியபின் வெட்டினால் தேன்கூடு மாதிரி இருக்கும். தீயைக் குறைத்து, மூடிக்கு அடியில் ஒரு துணியைக் கட்டி, பொறுமையாகப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் மாமா. நீங்கள் கேட்பது வேறு என்று எனக்குப் புரிகிறது. ஆனால் இங்கிருந்து தொடங்கினால்தான் நான் சொல்வது உங்களுக்கு விளங்கும்.

மாமா என்றால் என் கணவரின் அப்பா. வாழ்நாள் முழுக்க ஒரு பெரிய பேக்கரியில் மாஸ்டராக இருந்தவர். கடைசிக் காலத்தில் எங்களோடு இருந்தார். சர்க்கரை வியாதி முற்றி இடது காலில் விரல்களை எடுத்திருந்தார்கள். இனிப்பைக் கண்ணில்கூடக் காட்டக்கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த உத்தரவை நிறைவேற்றுவது என் நாத்தனார். அவர் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. வேறு ஊரில் இருந்தாலும் பிரம்பு எங்கள் வீட்டு வாசல்வரை நீளும். தினமும் காலையில் மாமாவின் விரலில் ஊசி குத்தி, மெஷினில் வரும் சர்க்கரை அளவைப் போட்டோ எடுத்து அவருக்கு நான் அனுப்ப வேண்டும். கொஞ்சம் தாமதமானாலும் போன் வந்துவிடும்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அப்பாமேல் உயிரையே வைத்திருந்தார். என்மேல் மட்டும் வைக்கவில்லை, அவ்வளவுதான். கல்யாணமான புதிதில் அவர் வீட்டு விடுமுறை விருந்துக்கு நான் கஸ்டர்ட் செய்து எடுத்துப் போனேன். அது கட்டி தட்டிவிட்டது. அன்று முதல் எனக்குக் 'கட்டி' என்று பெயர். பிள்ளைகளுக்கெல்லாம் நான் கட்டி அத்தை. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? என் கணவரே ஒருமுறை மறந்துபோய் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்துவிட்டுக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்பேன்.

ஆண்டு இறுதி விடுமுறைக்கு எல்லோரும் கூடுவது எப்போதும் நாத்தனார் வீட்டில்தான். இந்த முறை அவருக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வீடியோ காலில் எல்லோரையும் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இந்த வருஷம் கட்டி வீட்டுலதான். சமையல் எல்லாம் பண்ணிடு. ஸ்வீட் மட்டும் கடையில வாங்கிடும்மா, எதுக்கு வம்பு?"

திரையில் எல்லா முகங்களும் சிரித்தன. நானும் சிரித்தேன்.

"இல்ல அண்ணி, ஸ்வீட்டையும் நானே பண்றேன்" என்றேன்.

சொல்லிவிட்டு யோசித்தேன். கேரமல் புட்டிங் என்று முடிவு செய்தேன். கட்டி தட்டவே கூடாத பண்டம் அதுதான். ஆனால் பழகிப் பார்க்க வேண்டும். பழகினால் ருசி பார்க்க ஒரு ஆள் வேண்டும். என் நாக்கை நான் நம்பவில்லை. கணவர் மில்லில் ஷிப்ட் முடித்து வந்தால் எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்பார். பகல் முழுக்க வீட்டில் இருந்தது நானும் மாமாவும்தான். ஊரே மெச்சிய நாக்கு அடுத்த அறையில் சும்மா படுத்திருந்தது.

முதல் நாள் ஒரு சின்னக் கரண்டிதான் கொடுத்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்திருந்தார். கண்ணோரம் நனைந்தது.

"சர்க்கரைய இன்னும் கொஞ்சம் கருக்கணும். இன்னும் வரலம்மா" என்றார். "நாளைக்குப் பண்ணு, பாக்கலாம்."

மறுநாள் ஒரு கிண்ணம். அதற்கு அடுத்த நாளும். ஒவ்வொரு தடவையும் கிண்ணத்தைச் சுரண்டிச் சுரண்டித் துடைத்துவிட்டு "இன்னும் வரல" என்பார். நாளைக்கும் ஒரு கிண்ணம் வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியாமலில்லை. கரும்பு தின்னக் கூலியா? ஆனால் ஒவ்வொரு நாளும் புட்டிங் உண்மையாகவே மேலும் மேலும் நன்றாக வந்துகொண்டிருந்தது. அந்த வீட்டில் என் கையால் செய்ததை ஒருவர் காத்திருந்து வாங்கிச் சாப்பிட்டது அதுதான் முதல் முறை. எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

மெஷினில் எண் ஏறியது. அதை அப்படியே அனுப்பியிருந்தால் நாத்தனார் மறுநாளே வந்து இறங்கியிருப்பார். விருந்தே நின்றிருக்கும். அதனால் காலையில் என் விரலில் குத்திக்கொள்ள ஆரம்பித்தேன். என் ரத்தம், என் எண். எனக்குச் சர்க்கரை வியாதி கிடையாது. போட்டோவில் விரல் தெரியாது. சுருக்கென்று வலிக்கும். அந்த வலியை மாமாவுக்குக் கொடுக்காமல் நானே வாங்கிக்கொள்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

சில நாட்களில் நாத்தனார் போன் செய்தார். நான் வழக்கம்போல ஏதோ தப்பு என்று பயந்தேன்.

"உன்னை என்னமோன்னு நெனச்சிருந்தேன். என்கிட்ட இருந்தப்பகூட அப்பாவுக்கு இவ்வளவு கட்டுக்குள்ள இருந்ததில்ல. டாக்டர்கிட்ட காட்டினேன். இன்சுலின் ஊசியப் பாதியாக் கொறச்சிடலாம்னு சொல்லிட்டாரு. நீ நல்லாருக்கணும்மா."

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் நல்ல வார்த்தை. அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியவில்லை. டாக்டர் சொன்னபடி மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். அதில் நான் ஒன்றும் மாற்றிச் செய்யவில்லை.

பிறகு மாமாவுக்குத் தாகம் அதிகமானது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பார், அடிக்கடி எழுந்து போவார். விருந்து நெருங்கியபோது எழுந்து போகவும் முடியாமல் படுக்கை நனைய ஆரம்பித்தது. வீடு நிறைய ஆட்கள் வரப் போகிறார்கள், வாடை அடிக்கக்கூடாது அல்லவா? தண்ணீரைக் குறைத்துக் கொடுத்தேன். "அப்பா ஏன் இப்படி வாடிப்போயிருக்காரு?" என்று கணவர் கேட்டார். "வயசு ஏறுதா எறங்குதா?" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஒருநாள் மாமா பாதிக் கிண்ணத்திலேயே கரண்டியை வைத்துவிட்டார்.

"நல்லா வந்துடுச்சும்மா. இதுக்குமேல ஒண்ணும் இல்ல. போதும்."

நான் காத்திருந்த வார்த்தை அதுதான். ஆனால் மிச்சம் வைத்துவிட்டுச் சொன்ன வார்த்தையை எப்படி நம்புவது? தப்பித்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. "பொய் சொல்லாதீங்க மாமா" என்று சொல்லி மீதியை நானே ஊட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். அந்தப் பார்வையை நான் இப்போதும் நினைக்க விரும்பவில்லை. அதுவாக வருகிறது. கிண்ணத்தைக் கரண்டி சுரண்டும் சத்தமும் வருகிறது. இந்த அறைக்குப் பக்கத்தில் சமையற்கட்டு இல்லை என்று உங்கள் ஆட்கள் சொன்னார்கள். எனக்குக் கேட்கிறது. பயமாகத்தான் இருக்கிறது.

விருந்தன்று எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். மாமா ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, இப்போது எழுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதால் யாரும் அறைக்குள் போகவில்லை. சாப்பாடும் முடிந்தது. கடைசியாகப் புட்டிங். அதை எடுப்பதற்கு முன்னால் மாமாவின் அறையை எட்டிப் பார்த்தேன். ஓடிவந்தவர் மாதிரி ஆழமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாயில் அழுகிய பழ வாடை அடித்தது. கண் பாதி திறந்திருந்தது.

"தண்ணி" என்றார்.

அது என்ன என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நாத்தனார் எனக்கு வகுப்பே எடுத்திருக்கிறார். தாகம், மயக்கம், பழ வாடை. இதில் எதைப் பார்த்தாலும் உடனே ஆஸ்பத்திரி என்று, ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். ஆனால் ஆம்புலன்ஸ் வந்திருந்தால் எல்லோரும் வாசலுக்கு ஓடியிருப்பார்கள். பதத்துக்கு வந்த புட்டிங் யாருக்காகவும் காத்திருக்காது. நீர் விட்டுவிடும்.

கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"அப்பா எழுந்துட்டாரா?" என்றார் நாத்தனார்.

"இன்னும் அசந்து தூங்குறாங்க அண்ணி. எழுப்ப வேணாம்."

"நீ சொன்னா சரி" என்றார். என்னை நம்பினார்.

தட்டை வைத்து அச்சைக் கவிழ்த்தேன். ஒரு கீறல் இல்லை, ஒரு ஓட்டை இல்லை. கேரமல் நாலு பக்கமும் வழிந்து இறங்கியது. எல்லோர் தட்டிலும் ஒவ்வொரு துண்டு வைத்தேன். நாத்தனார் ஒரு துண்டு சாப்பிட்டு, இன்னொரு துண்டு கேட்டு வாங்கினார். பிறகு பிள்ளைகளைப் பார்த்து, "இனிமே யாராவது அத்தையக் கட்டின்னு கூப்பிட்டீங்க, பிச்சிடுவேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அப்புறம் சீட்டுக்கட்டை எடுத்தார்கள். நான் கடைசித் துண்டை ஒரு கிண்ணத்தில் வைத்து எடுத்துக்கொண்டு மாமாவின் அறைக்குப் போய்க் கதவைத் தாழிட்டேன்.

அவருக்கு உயிர் இருந்தது. அதை நான் எங்கும் மறுக்கவில்லை. உதடு அசைந்தது. தண்ணீர்தான் கேட்டார். சொம்பு தலைமாட்டிலேயே இருந்தது, நிறையத் தண்ணீரும் இருந்தது. ஏன் கொடுக்கவில்லை என்று நாத்தனாரும் கேட்டார், நீங்களும் கேட்கிறீர்கள். தண்ணீர் குடித்தால் நாக்கில் ருசி தெரியாது. இது மாமா சொல்லிக்கொடுத்ததுதான்.

தலையைத் தூக்கிப் பிடித்து ஒரு கரண்டி வாயில் வைத்தேன். இந்த முறை "இன்னும் வரல" என்று சொல்லவில்லை. தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. அதன்பிறகு மூச்சு வாங்கும் சத்தமும் நின்றுவிட்டது. வெளியே அவர்கள் ஒரு ஆட்டம் முடித்துச் சிரிக்கும்வரை நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் அவரைக் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவர் அதை விழுங்கினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிடிக்காத எதையும் மாமா விழுங்கியதே கிடையாது.